ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நர்ஸ் போன் சேவை: சேரலாமா?

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்ததும் அக்காவுக்கு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை 2.5 மில்லிகிராம், தினம் ஒன்று, 5 வருஷம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் ஆஸ்பத்திரியில் நடந்தது, யாராவது பக்கத்தில் இருந்தார்கள். இந்த மாத்திரையின் தொல்லையோ வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது, அதுவும் டாக்டரைப் பார்த்துவர ஒரு பகல் முழுக்கப் போய்விடும் கிராமத்தில். அதனால் ஆஸ்பத்திரியே நடத்தும் நர்ஸ் போன் சேவையில் சேர்ந்தோம். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கேட்கும் விதம். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவதில்லை. காலையில் விரலை மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, ராத்திரி வியர்த்துப்போய் எத்தனை தடவை விழிப்பு வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அக்கா மூட்டு வலியை வயசு, காட்டு வேலை என்றே நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள். இந்த மருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுகிறது, விறைப்பு வருவது அதனால்தான், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். முதலில் நடைப்பயிற்சி, தசைக்கான பயிற்சி. அதற்கும் அடங்காததால் டாக்டர் சில வாரம் நிறுத்தச் சொல்லி, பிறகு அதே வகையைச் சேர்ந்த எக்ஸிமெஸ்டேன் மாத்திரைக்கு மாற்றினார். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் வாளியைத் தூக்குகிறாள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதையும் நினைவுபடுத்தியது இந்த நர்ஸ்தான்.

டாமாக்சிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் கேட்கும் கேள்விகள் வேறு. பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே சேவையில் இருக்கிறார். வேறு டாக்டர் எந்த மாத்திரை புதிதாகக் கொடுத்தாலும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் போன்றவை டாமாக்சிஃபென் உடம்பில் சரியாக வேலை செய்வதைத் தடுக்கக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ அடுத்த போனுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி குறை. போன் அக்காவுடையது இல்லை, மகனுடையது. அவன் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பான், சுற்றிலும் ஆட்கள். பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், கணவருடன் சேரும்போது வலி, இதெல்லாம் அக்கா சாப்பிடும் மருந்தால் சகஜமாக வருபவை, மருத்துவமும் உண்டு, ஆனால் அந்தக் கூட்டத்தில் வைத்து எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்று முடித்துவிடுவாள். நான் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் 'ஆமாம், இல்லை' என்று மட்டும் பதில் சொல்லும்படி கேட்டார்கள், அப்போதுதான் அவள் மாசக்கணக்காக எரிச்சலோடு இருந்தது வெளியே வந்தது. இதை யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் செய்ய வேண்டும், மாத்திரையைப் பாதியில் விட்டுவிடப் பல பெண்களுக்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

உடற்பயிற்சி வீடியோக்கள் சிக்னல் இல்லாத ஊரில் எதற்கும் உதவாது, படம் போட்ட ஒரு தாள் கொடுத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ராத்திரியில் யாரும் போன் எடுப்பதில்லை.

இவ்வளவு இருந்தும் கட்டாயம் சேருங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம் ஒன்று, மாத்திரைச் சீட்டு ஒரு மாதத்துக்குத்தான் தருகிறார்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தர முடியுமா என்று நர்ஸிடம் கேட்டோம், டாக்டரிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். நீங்கள் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.