சுடுதளத்தில் சிதறும் பித்தளை உறைகள்: குனிந்து பொறுக்குவதா, உருட்டி எடுப்பதா, விழும்முன் பிடிப்பதா?

தோட்டாவைச் சுட்டு முடித்தபின் குண்டு எதிரே உள்ள மண்மேட்டில் புதைந்துவிடுகிறது, வெடிமருந்து எரிந்து தீர்கிறது, அதைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சிறு மூடி நசுங்கிப் பயனற்றுப் போகிறது. மீண்டும் பயன்படக்கூடியதாக மிஞ்சுவது பித்தளை உறை ஒன்றுதான். ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அழுத்தம் தணிந்த உடனே சற்றுச் சுருங்கி விடுபடுகிறது. இந்த மீள்தன்மை இருப்பதால்தான் ஒரே உறையில் புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பத் திரும்பச் சுட முடிகிறது. அமெரிக்காவில் தோட்டாக்களை வீட்டிலேயே மறுநிரப்பிக்கொள்பவர்கள் உறைகளை இவ்வளவு அக்கறையாகச் சேகரிப்பதன் காரணம் இதுவே. 2020, 2021 ஆண்டுகளில் அங்கே தோட்டாவுக்கும் பிரைமருக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, அதுவரை உறைகளைத் தரையிலேயே விட்டுச் சென்றவர்களில் பலரும் அவற்றைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

சேகரிக்கும் வழிகளை ஒப்பிடும்போது பலரும் எது வேகமானது என்று மட்டுமே கேட்கிறார்கள். முதுகும் முழங்காலும் எவ்வளவு நோகின்றன, எத்தனை உறைகள் தப்பிப் போகின்றன, ஈயத் தூசி எவ்வளவு கிளம்புகிறது, சுடும் வேலைக்கோ பக்கத்தில் நிற்பவருக்கோ இடைஞ்சல் உண்டா என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் விடை மாறிவிடுகிறது. தரையில் விழுந்த உறையை எடுப்பதைவிட, அது எங்கே விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் எளிய வழி என்பது என் கருத்து. இருந்தாலும் எல்லாத் துப்பாக்கிக்கும் எல்லாத் தரைக்கும் அது பொருந்துவதில்லை.

முதலில், எந்தக் கருவியும் தேவைப்படாதவர்களைத் தனியே வைத்துவிடலாம். ரிவால்வரில் சுடுபவர் உருளையைத் திறந்து உறைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் போல்ட் எனும் உலோகத் தண்டைக் கையால் இழுக்க வேண்டிய ரைபிளில், அதை மெதுவாகப் பின்னால் இழுத்தால் உறை அதிக விசையின்றி வெளிவரும். அதைக் கையாலேயே எடுத்துப் பெட்டியில் அடுக்கிவிடலாம். இவர்கள் கருவி வாங்குவது வீண் செலவு. சிக்கல் முழுவதும் தானாக உறையை வெளியே எறியும் கைத்துப்பாக்கிகளிலும் ரைபிள்களிலும்தான் இருக்கிறது. அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் உறை பெரும்பாலும் சில அடி தூரத்திலேயே விழுகிறது. ஜெர்மனியின் ஜி3 ரைபிளோ உறையைப் பல மீட்டருக்கு அப்பால் வீசுவதோடு அதன் உடலில் நெளிவையும் நீளக் கோடுகளையும் பதித்துவிடுகிறது.

கையால் பொறுக்குவதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஐம்பது தோட்டா மட்டும் சுடுபவருக்கு அதுவே போதும், ஒவ்வோர் உறையையும் எடுக்கும்போதே பார்த்துக் கழித்துவிடும் வாய்ப்பும் அதில்தான் கிடைக்கிறது. ஆனால் சில நூறு உறைகளுக்காகக் குனிந்து நிமிர்வது நடுவயதைத் தாண்டியவருக்குத் தண்டனையாகிவிடும். முழங்காலிட்டுத் தவழ்ந்து பொறுக்கினால் தரையில் படிந்திருக்கும் ஈயத் தூசி கால்சட்டையில் ஒட்டி வீடுவரை வந்துவிடுகிறது. தோட்டத்துக் குப்பை எடுக்கும் இடுக்கிக் கோலும், உறையின் வாய்க்குள் நுழைத்துத் தூக்கும் மெல்லிய மரக்குச்சியும் முதுகைக் காப்பாற்றுகின்றன என்றாலும், ஒருமுறைக்கு ஓர் உறைதான் வரும் என்பதால் அவற்றைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது உருளும் கம்பிக்கூண்டு. பெக்கான், வால்நட் போன்ற கொட்டைகளை மரத்தடியில் சேகரிப்பதற்காக அமெரிக்கத் தோட்டங்களில் பயன்படும் கருவியே சுடுதளத்துக்கும் வந்து சேர்ந்தது. நீண்ட கைப்பிடியின் முனையில் முட்டை வடிவக் கூண்டு ஒன்று சுழலும். அதன் வில்கம்பிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நெருக்கமாக ஓடும். நிமிர்ந்து நின்றபடி தரையில் அழுத்தி உருட்டினால், உறை படும் இடத்தில் இரண்டு கம்பிகள் விலகி வழிவிட்டு, உறை உள்ளே போனதும் பழையபடி நெருங்கிக்கொள்கின்றன. வாளியின் விளிம்பில் பொருத்திய விரிகம்பியின் மேல் கூண்டை வைத்து அழுத்தினால் கம்பிகள் விரிந்து உறைகள் வாளிக்குள் கொட்டுகின்றன. குட்டையாக வெட்டிய புல்லிலும் இறுகிய மண்தரையிலும் கைத்துப்பாக்கி உறைகளை எடுப்பதற்கு, தரையைத் தொடும் கருவிகளில் இதற்கு இணையானதை நான் அறியேன்.

வாங்குவதற்கு முன் கூண்டின் கம்பி இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் உறை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமனும் 19 மில்லிமீட்டர் நீளமும் உடையது; இன்னொரு கைத்துப்பாக்கித் தோட்டாவான .45 ஏசிபியின் உறை 12 மில்லிமீட்டர் தடிமனும் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது; .22 எல்ஆர் எனும் சிறு தோட்டாவுடைய உறையின் தடிமன் 6 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. 9 மில்லிமீட்டருக்கு ஏற்ற கூண்டிலிருந்து .22 உறைகள் நழுவிவிடும். .22 எல்ஆர் உறையில் வெடிக்கலவை விளிம்புக்குள் இருப்பதால் அதை வழக்கமான முறையில் வீட்டில் மறுநிரப்ப வழியில்லை. ஆகையால் மறுநிரப்புபவருக்கு அது நழுவுவது இழப்பல்ல, தளத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பில் இருப்பவருக்குத்தான் நெருக்கமான கம்பிகள் கொண்ட கூண்டு தேவை. இன்னொன்றையும் கவனிக்கலாம்: கம்பிகளின் போக்கிலேயே கிடக்கும் உறை எளிதாக உள்ளே நுழைகிறது, குறுக்காகக் கிடப்பது நுழைவதில்லை. ஒருமுறை நெடுக்கிலும் ஒருமுறை குறுக்கிலும் உருட்டினால் விடுபட்டுக் கிடப்பவையும் வந்துவிடும். சிறுகற்கள் பரப்பிய தளத்தில் மட்டும் இக்கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் உறையின் பருமனுள்ள ஒவ்வொரு கல்லும் கூடவே ஏறிக்கொள்ளும். பிறகு வீட்டில் கல் பொறுக்கும் வேலை காத்திருக்கும். மழைக்குப்பின் சேற்றில் மிதிபட்டுப் புதைந்த உறைகளையும் உயரமான புல்லுக்குள் ஒளிந்தவற்றையும் அது தொடுவதேயில்லை.

இவை அனைத்தையும்விட எனக்கு உகந்தது தார்ப்பாய்தான். உறை விழும் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறம் சற்றுப் பின்தள்ளி, ஒரு தார்ப்பாயை விரித்து, காற்றில் எழாதபடி நான்கு மூலைகளிலும் கல்லோ மணல்பையோ வைத்துவிட்டால் வேலையில் பாதி முடிந்ததற்குச் சமம். சுட்டு முடித்ததும் இரண்டு ஓரங்களைத் தூக்கி நடுவில் குவித்து வாளியில் சரித்தால் போதும்; புல்லோ கல்லோ சேறோ கலப்பதில்லை. செலவும் மிகக் குறைவு. தார்ப்பாயைக் காலடியில் விரிக்கக் கூடாது என்பது இதில் கட்டாயம் பின்பற்ற வேண்டிய விதி. வழவழப்பான பாயின்மேல் உருளும் உறைகளை மிதித்து ஒருவர் சறுக்கினால், அவர் கையில் இருப்பது குண்டு நிரப்பிய துப்பாக்கி என்பதை மறந்துவிடலாகாது. மெல்லிய பிளாஸ்டிக் பாயில் சூடான உறைகள் உருக்கிய தழும்புகளை விடக்கூடும் என்பதால் கெட்டியான கான்வாஸ் பாய் மேலானது. உறைகளைக் கொட்டும்போது பாயை உதறாமல் மெதுவாகச் சரிப்பதும் நல்லது, உதறும்போது எழும் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயமும் கலந்திருக்கும்.

பக்கத்தில் ஒரு தடுப்புத் திரையையும் நிறுத்திக்கொண்டால் தார்ப்பாயின் பயன் இன்னும் கூடுகிறது. பிவிசி குழாய்களை இணைத்து ஆளுயரச் சட்டம் ஒன்று செய்து, அதில் பழைய பருத்திப் போர்வையைத் தளர்வாகத் தொங்கவிட்டால், பறந்துவரும் உறை அதில் மோதி வேகம் இழந்து நேரே பாயில் விழுகிறது. விறைப்பாகக் கட்டிய துணி உறையைத் திருப்பி எறியும். தளர்ந்த துணியே விசையை வாங்கிக்கொள்ளும். அடுத்த மேசையில் சுடுபவரின் கழுத்துப்பட்டிக்குள் சூடான உறை விழுவதையும் இத்திரை தடுக்கிறது. சூடான உறை மேலே பட்ட அதிர்ச்சியில் ஒருவர் துப்பாக்கியோடு துள்ளித் திரும்பிவிடும் ஆபத்து உண்மையானது. ஆகவே, உறை சேர்ப்பதில் ஆர்வமில்லாதவர்கூட இத்திரையை வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஓடிக்கொண்டே சுடும் போட்டிகளிலும் ஒருவர் மாற்றி ஒருவர் நிற்கும் நெரிசலான வரிசையிலும் பாய்க்கும் திரைக்கும் இடமிருக்காது என்பதுதான் இவ்வழியின் குறை.

துப்பாக்கியிலேயே மாட்டிக்கொள்ளும் வலைப்பையை விளம்பரங்கள் மிகவும் கவர்ச்சியாகக் காட்டுகின்றன. ஏஆர்-15 போன்ற ரைபிள்களின் மேற்புறத்தில் துணைக்கருவிகள் மாட்டுவதற்கென உள்ள சட்டத்தில் அதைப் பொருத்தினால், வெளியேறும் உறைகள் யாவும் வெப்பம் தாங்கும் வலைக்குள் விழுகின்றன. பையின் அடியிலுள்ள ஜிப்பைத் திறந்து கொட்டிவிடலாம். மேசையில் அமர்ந்து நிதானமாக இலக்கு பார்ப்பவருக்கு, அதிலும் ஒரே துப்பாக்கியில் சுட்ட உறைகளைப் பிறவற்றோடு கலக்காமல் வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு, இது நல்ல தேர்வு. உறை தரையைத் தொடாததால் வாய் நசுங்குவதோ மண் ஒட்டுவதோ இல்லை. ஆனால் பை நிரம்பத் தொடங்கியதும், அல்லது வெளியேற்றும் வாயிலுக்கு மிக அருகில் அது அமைந்திருந்தால், உறை துள்ளித் திரும்பி வாயிலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். துப்பாக்கி அறை காலியாக இருக்கிறதா என்பதை நாமும் சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் அதிகாரியும் ஒரே பார்வையில் உறுதிசெய்ய வேண்டிய இடத்தை இந்தப் பை மறைக்கிறது என்பது அதைவிடப் பெரிய குறை. ஒவ்வொரு சோதனைக்கும் அதைக் கழற்றவோ விலக்கவோ பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்கட்டும். கைத்துப்பாக்கியில் ஸ்லைடு எனும் மேல்பகுதி முழுவதும் முன்பின் நகர்வதால் இந்த ஏற்பாடு சரிப்படுவதில்லை.

உட்புறத் தளங்களின் நிலைமை முற்றிலும் வேறு. சிமெண்டுத் தரையில் உறைகள் உருண்டோடுவதால் கூண்டைவிட, நீர் தள்ளப் பயன்படும் அகலமான ரப்பர் துடைப்பானே எளிது. ஓரிடத்தில் தள்ளிச் சேர்த்து முறத்தில் வாரிவிடலாம். சாதாரணத் துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும். உட்புறத் தளங்களில் ஈயமும் இரைச்சலும் விளைவிக்கும் கேடு குறித்து அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 2009இல் வெளியிட்ட எச்சரிக்கை, உலர்ந்தநிலையில் பெருக்குவதை விலக்கி, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியையோ ஈரத் துடைப்பையோ பயன்படுத்தச் சொல்கிறது. எரியாமல் எஞ்சிய மருந்துத் துகள்களும் தரையில் தேங்குவதால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. ஆகவே, வீட்டுக்குரிய சாதாரண வாக்குவம் கிளீனரை அங்கே கொண்டுபோவது தவறு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தளத்தின் விதியை முதலில் கேட்டறிய வேண்டும். சுடுகோட்டுக்கு முன்னால் விழுந்த உறை தளத்துக்கே சொந்தம் என்று பல இடங்களில் விதி உள்ளது. சில போட்டிகளில் உறை பொறுக்குவதே தடை. கோட்டைத் தாண்டிக் கிடக்கும் உறை எவ்வளவு அருகில் இருந்தாலும், சுடுதல் நிறுத்தம் அறிவிக்கப்பட்டு, எல்லாத் துப்பாக்கிகளும் திறந்து காலியாக வைக்கப்பட்ட பிறகே அங்கே கால் வைக்கலாம். இந்தியாவில் என்சிசி முகாம்களில் சுட்டவர்களுக்கு வேறொரு வழக்கம் நினைவிருக்கும். கொடுத்த தோட்டாக்களுக்கு ஈடாக வெற்று உறைகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்பதால், அங்கே வேகத்தைவிட ஒன்றுகூடத் தவறாமல் இருப்பதே முதன்மை. அத்தகைய இடத்தில் தார்ப்பாயோடு கையையும் கண்ணையும்தான் நம்பியாக வேண்டும்.

காந்தத்தால் உறைகளை எடுக்க முடியாதா என்று புதியவர்கள் கேட்பது வழக்கம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டாத அந்தக் குணமே வாளியைத் தரம்பிரிக்க உதவுகிறது: குவியலுக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றினால் எஃகு உறைகள் தனியே வந்துவிடும். அவற்றில் பல பெர்டன் வகைப் பிரைமருக்கானவை. நடுத்துளை இல்லாமல் இரண்டு சிறு துளைகள் கொண்டிருப்பதால் வழக்கமான ஊசியால் பிரைமரை வெளித்தள்ள முடியாது. அலுமினிய உறைகளும் காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பதால் அவற்றை நிறத்தையும் எடையையும் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். கூண்டிலோ பாயிலோ மொத்தமாக வாரியவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். யாரோ தவறவிட்ட சுடாத தோட்டா குவியலில் கலந்திருக்கலாம். வாளியை ஒரு தட்டில் பரப்பி, ஒவ்வோர் உறையின் வாயும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கழுவும் இயந்திரத்தில் போட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்ட உறைகளும், .40க்குள் 9 மில்லிமீட்டரும் .45க்குள் .40உமாக, அப்போதே அகப்படும். இவ்வேலை முடியும்வரை எதையும் உண்ணாமல், முடிந்ததும் கைகளைக் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவி, அணிந்திருந்த உடையைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைத்துவிட வேண்டும்.