மீன் டாங்க்குக்கு தண்ணி பில்டர்: ஆர்ஓ வேணுமா, கார்பன் காணுமா?

திருகோணமலையில மீன் வளக்கிற ஆக்களுக்குள்ள இப்ப பெரிய கதை ஆர்ஓ (தண்ணிய மெம்பிரேன் எண்ட நுண்ணிய சவ்வுக்குள்ளால தள்ளி கரைஞ்ச உப்ப எடுக்கிற பில்டர்) தான், டாங்க் வாங்கப் போனாலே கடையில முதல் கேள்வி "வீட்டில ஆர்ஓ இருக்கா தம்பி" எண்டுதான் வருது. நான் வீட்டில போட்டிருக்கிறது அது இல்ல. 10 இஞ்சி ஹவுசிங் (கார்ட்ரிட்ஜ் வைக்கிற கூடு) ரெண்டு, முதலாவதுக்குள்ள மண், தூசி பிடிக்கிற 5 மைக்ரோன் செடிமென்ட் கார்ட்ரிட்ஜ், ரெண்டாவதுக்குள்ள குளோரின எடுக்கிற கார்பன் பிளாக், அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் விலை விசாரிச்சு, பராமரிப்புக் கணக்கும் பாத்துத்தான் முடிவெடுத்தன், அதால என்ர சாய்வு கார்பன் பக்கம் எண்டத இப்பவே சொல்லிடுறன். டாங்க் 200 லீற்றர், உள்ளுக்கு கப்பி, மொல்லி, பிளாட்டி.

ஒண்ட மட்டும் தெளிவாக்கிட்டுப் போறன். நான் கதைக்கிறது டாங்க்குக்குள்ள போக முதல் தண்ணிய சரிப்படுத்துற பில்டர். டாங்க்குக்குள்ள ஓடுற ஸ்பொஞ்ச், கெனிஸ்டர் வேற விசயம், அதில பக்டீரியா வளந்து அமோனியாவ நைட்ரைட்டாக்கி பிறகு நைட்ரேட்டாக்கோணும், அதுக்கு 4 முதல் 6 கிழமை பிடிக்கும். வெளியில எவ்வளவு விலையான பில்டர் பூட்டினாலும் அந்த வேலைய அது செய்யாது.

முதல்ல உங்கட வீட்டுக்கு என்ன தண்ணி வருது எண்டு பாருங்க. கந்தளாய்க் குளத்தில இருந்து வாற பைப் தண்ணியெண்டா அதில பிரச்சின குளோரின். மீனுக்கு செவுள எரிக்கும், பில்டருக்குள்ள இருக்கிற நல்ல பக்டீரியாவையும் கொல்லும். உப்புவெளி, நிலாவெளி மாதிரி கடல்பக்கக் கிணத்துத் தண்ணியெண்டா குளோரின் இல்ல, ஆனா கல்சியம் கூட, கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல கிணறு இறங்க இறங்க சவர் ஏறும். குளோரினுக்கு கார்பன் காணும். உப்புக்கு கார்பன் ஒண்டுமே செய்யாது, கரைஞ்ச உப்பு அப்படியே அதுக்குள்ளால வந்திடும். இந்த வித்தியாசம் விளங்கினா பாதித் தீர்மானம் முடிஞ்சமாதிரி.

ஆர்ஓ நல்ல சாமான் தான், அதில சந்தேகமில்ல. நல்ல மெம்பிரேன் கரைஞ்ச உப்பில 95 வீதத்துக்கு மேல எடுத்திடும், டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற பொருளின்ர அளவு) மீற்றர வச்சா இலக்கம் விழுறத கண்ணாலேயே பாக்கலாம். டிஸ்கஸ், கார்டினல் டெட்ரா மாதிரி மென்தண்ணி மீன் வச்சிருக்கிற ஆக்களுக்கு வேற வழியும் பெருசா இல்ல. ஆனா அப்படி வாற தண்ணிய அப்படியே ஊத்த ஏலாது, அதில தாதுப்பொருள் இல்ல, பிஎச்ச (தண்ணியின்ர அமில-கார அளவ) பிடிச்சு வச்சிருக்கிற கேஎச்சும் (கார்பனேட் கடினமும்) இல்லாததால பிஎச் திடீரெண்டு விழும். கனிமப் பவுடர் வாங்கிக் கலக்கோணும், இல்லாட்டி பைப் தண்ணியோட அளவாக் கலக்கோணும். கப்பிக்கும் மொல்லிக்கும் பிடிச்சதே கல்சியத் தண்ணி, அதக் காசு குடுத்து எடுத்துப்போட்டு திரும்பக் காசு குடுத்துப் போடுறதில எனக்கு நியாயம் தெரியேல்ல.

கனபேர் ஆர்ஓ வேண்டாம் எண்டு சொல்றதுக்குக் காரணமாச் சொல்றது கழிவுத் தண்ணி. ஒரு லீற்றர் நல்ல தண்ணிக்கு 3, 4 லீற்றர் வெளிய போறது சாதாரணம். ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா அது அவ்வளவு பெரிய காசில்ல: 200 லீற்றர் டாங்க்கில கிழமைக்குக் காவாசி மாத்தினா 50 லீற்றர், கழிவு 150, மாசத்துக்கு ஒரு 600 லீற்றர், அதாவது பில்லில ஒரு யூனிட்டுக்கும் (1000 லீற்றர்) குறைவு. அதையும் முத்தம் கழுவ எடுக்கலாம். என்ன யோசிக்க வச்சது இது இல்ல, பிரஷர்.

ஆர்ஓ மெம்பிரேன் ஒழுங்கா வேலை செய்ய 50, 60 பிஎஸ்ஐ அளவில பிரஷர் வேணும். எங்கட வீடுகள்ல தண்ணி வாறது மேல தூக்கி வச்ச டாங்க்கில இருந்து, ஒரு மீற்றர் உயரத்துக்கு 1.4 பிஎஸ்ஐ தான் கிடைக்கும், அப்ப 6 மீற்றர் உயரத்தில டாங்க் இருந்தாலும் பைப்படியில 8 பிஎஸ்ஐ சொச்சம் தான். அந்தப் பிரஷரில மெம்பிரேன் நூல் மாதிரித் தண்ணி விடும், கழிவு இன்னும் கூடும், டிடிஎஸ்ஸும் சரியா இறங்காது. அதால பூஸ்டர் பம்ப் கட்டாயம், பம்ப் வந்தா அதுக்கு அடப்டர், தண்ணி இல்லாத நேரம் ஓடாம இருக்க லோ பிரஷர் சுவிட்ச், டிரம் நிரம்பினா நிப்பாட்ட இன்னொரு சுவிட்ச், சேத்து வைக்க மூடி போட்ட டிரம். முன்னுக்கு செடிமென்டும் கார்பனும் எப்படியும் வேணும், ஏனெண்டா குளோரின் பட்டா மெம்பிரேனே பழுதாகும். அப்ப ஆர்ஓ வாங்கிற ஆள் கார்பன் செட்டையும் சேத்துத்தான் வாங்கிறார், அதுக்கு மேல மெம்பிரேன், பம்ப், சுவிட்ச் எண்டு பழுதாகக்கூடிய சாமான் வரிசையா இருக்கு. முன் கார்ட்ரிட்ஜ் ஆறு மாசத்துக்கொருக்கா, மெம்பிரேன் ரெண்டு மூண்டு வருசத்துக்கொருக்கா மாத்தோணும். சாமான் இங்க கடையில இருந்தாச் சரி, இல்லாட்டி கொழும்புக்குச் சொல்லி பஸ்ஸில எடுப்பிச்சு அது வந்து சேருமட்டும் டாங்க் என்ன செய்யும்?

கார்பன் செட்டில மாத்த இருக்கிறது ரெண்டே கார்ட்ரிட்ஜ், 10 இஞ்சி அளவு பொதுவான அளவு எண்டதால எந்தக் கொம்பனிச் சாமானும் பூட்டும். வால்வ மூடி, ஹவுசிங் தலையில இருக்கிற சிவப்புப் பட்டன அமத்திப் பிரஷர விட்டுட்டு, பெரிய பிளாஸ்டிக் சாவியால திருப்பினா கழண்டு வரும். வெள்ளையாப் போட்ட செடிமென்ட் மண்ணிறமா, தொட்டா வழுவழுப்பா வரும், மாரி நேரம் அது இன்னும் கெதியா நடக்கும். ஓ-ரிங்க விரலாலத் துடைச்சு சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம் பூசி, சுழியாம வச்சு இறுக்குங்க, ஒழுக்கெண்டா முக்காவாசி அதில தான் வரும். புதுக் கார்பன் போட்டவுடன முதல்ல கறுப்புத் தூளோட தண்ணி வரும், தெளியுமட்டும் அத வெளிய விட்டிடோணும்.

செடிமென்ட் முடிஞ்சா கண்ணுக்குத் தெரியும். கார்பன் முடிஞ்சா தெரியாது, தண்ணி அதே மாதிரித் தெளிவா, அதே வேகத்தில வந்துகொண்டே இருக்கும், குளோரினும் சேந்து வரும். கார்பன் செட்டில உண்மையான ஆபத்து இதுதான், இதுக்காகத்தான் நான் நீச்சல் குளத்துக்காரர் பாவிக்கிற ஓடிஓ சொட்டு ஒரு போத்தல் வச்சிருக்கன். சின்னக் குழாயில தண்ணி எடுத்து சொட்டு விட்டா, குளோரின் இருந்தா மஞ்சளாகும், இல்லாட்டி நிறம் மாறாது. தண்ணி மாத்த முதல் ஒவ்வொரு முறையும் பாருங்க, பாத்த தண்ணிய டாங்க்குக்குள்ள ஊத்தாதீங்க, அது நஞ்சு. வேகமும் முக்கியம், கார்பனுக்குள்ள தண்ணி நிண்டு போகோணும், 10 லீற்றர் வாளி நிரம்ப 5 நிமிசம் எடுக்கிற மாதிரி வால்வத் திறந்தாக் காணும். கைகாவலுக்கு அன்டி குளோரின் மருந்தும் ஒரு போத்தல் இருக்கட்டும்.

கிணறு இருக்கிற ஆக்கள் அத ஒதுக்கவேண்டாம். கல்சியம் கூடின தண்ணியில மொல்லி நல்லா நிக்கும், செடிமென்ட் மட்டும் போட்டாலே காணும். ஆனா மாரியில வெள்ளம் வந்து வடிஞ்ச பிறகு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக்கள் கிணத்துக்கு குளோரின் போடுவாங்க, அந்த நாட்கள்ல ஓடிஓ சொட்டு கிணத்துத் தண்ணிக்கும் வேணும்.

மழைத் தண்ணி இலவச ஆர்ஓ மாதிரி, மாரியில முதல் மழைய கூரை கழுவ விட்டுட்டு அதுக்குப் பிறகு வாறத டிரம்மில பிடிங்க, நுளம்பு வராம மூடி கட்டாயம். நான் அத மாத்துறதுக்கு எடுக்கிறேல்ல, ஆவியாப் போற தண்ணிய நிரப்பத்தான் எடுக்கிறன். கச்சான் நேரம் டாங்க் தண்ணி கண்ணுக்கு முன்னால இறங்கும், போறது வெறும் தண்ணி, உப்பும் கல்சியமும் உள்ளயே நிக்கும், அதுக்கு மேல திரும்பத் திரும்ப பைப் தண்ணியையே ஊத்தினா கடினம் ஏறிக்கொண்டே போகும், கண்ணாடியில வெள்ளைக் கோடு விழுறது அதால தான். பிரச்சின என்னெண்டா டிரம் கோடை முழுக்கக் காணாது. அந்த ஒரு இடத்தில ஆர்ஓ வச்சிருக்கிற ஆளுக்கு லேசு எண்டத ஒத்துக்கொள்றன்.

கடல் மீன், பவளம் எண்டு போற ஆக்கள் என்ர கதையக் கேட்டு முடிவெடுக்காதீங்க, நான் அது வச்சதில்ல, ஆனா உப்புக் கலக்கிற தண்ணி சுத்தமா இருக்கோணும் எண்டதால அங்க ஆர்ஓவோட டிஐயும் (மிச்ச உப்பையும் எடுக்கிற ரெசின் பில்டர்) சேத்துத்தான் போடுறாங்க. கிணறு நல்லா சவராகிற வீட்டிலயும் கார்பன்ல காசு போடாம நேரா ஆர்ஓவுக்குப் போங்க. பைப் தண்ணி, சாதாரண மீன் எண்டா கார்பன் செட் போதும்.

பூட்டேக்க வெயில் படாத சுவராப் பாருங்க, தெளிவான ஹவுசிங்கில வெயில் விழுந்தா உள்ளுக்குப் பாசி பிடிக்கும், பிளாஸ்டிக்கும் நொறுங்கும். கீழ ஒரு வாளி வைக்க இடம் விட்டுப் பூட்டினா கார்ட்ரிட்ஜ் கழட்டேக்க நிலம் நனையாது.