பீளமேட்டில் எங்கள் வீட்டுச் சுவரை எடுத்துக்கொடுத்த பொறியாளர் அலுவலகம்

கோவை பீளமேட்டில், தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டு அதன்மேல் மூன்று மாடிகள் எழுப்பிய குடியிருப்பில், இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரையும், பக்கத்துச் சிற்றறையின் சுவரையும் எடுத்துவிட்டால், சக்கர நாற்காலியில் இருக்கும் என் மாமியார் தடையின்றிப் புழங்கலாம் என்பது எங்கள் எண்ணம். முதலில் வந்த மேஸ்திரி இரண்டையும் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஆகாதுங்க, ரெண்டு நாள்ல எடுத்துப்போடலாமுங்க" என்றார். மனம் ஒப்பாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தை அணுகினோம்.

அவர் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே, மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் கம்பி விவரம் கொண்ட வரைபடத்தையும் கேட்டார். இரண்டாவதைக் கட்டுநரிடமிருந்து பெறவே பத்து நாள் ஆயிற்று. பிறகு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் கண்டறியும் கருவியைச் சுவர் நெடுக நகர்த்தி, ஒலி எழுந்த இடங்களில் சாக்பீஸால் கோடிட்டார். சமையலறைச் சுவர் நாலரை அங்குலச் செங்கல் தடுப்பு. அதற்கு மேலே பீம் தனியாக ஓடுவதால் எடுக்கலாம் என்றார். சிற்றறையின் ஒன்பது அங்குலச் சுவரிலோ, இடது ஓரத்தில் தரை முதல் கூரை வரை கருவி ஒலித்துக்கொண்டே இருந்தது. சுவரின் அகலத்துக்கே வார்க்கப்பட்டு, ஒரே பூச்சுக்குள் மறைந்துபோன தூண் அது. கையால் தட்டிப் பார்ப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

தூணை விட்டுவிட்டு மிச்சச் சுவரையாவது எடுக்கலாமே என்று கேட்டேன். மேல்வீட்டுச் சுவர் இதற்கு நேர் மேலே, இடையில் பீம் இல்லாமல் கான்கிரீட் தளமான ஸ்லாபின் மீதே நிற்கிறது என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல ஸ்லாப் சற்றே தாழ்ந்து அந்தச் சுமையை எங்கள் சுவர் தாங்கத் தொடங்கியிருக்கும் என்றும் வரைபடத்தை விரித்துக் காட்டினார். 1900 பிப்ரவரி 8 அன்று நிலநடுக்கத்தைக் கண்ட ஊர் இது. கீழ்த்தளத்தில் தூண்கள் மட்டுமே நிற்கும் கட்டிடத்தில் அவர் காட்டிய இந்தக் கண்டிப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தச் சுவரில் வாசலை மட்டும் மூன்றேகால் அடிக்கு அகலப்படுத்தி, மேலேயுள்ள சுமையைத் தாங்கப் புதிய லிண்டல் வைத்துக்கொடுத்தார்.

தூணும் பீமும் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது என்பதால், அவர் கையொப்பமிட்ட அறிக்கையைச் சங்கத்தில் வைத்து எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றோம். எங்கள் வீட்டுக் கடன் பத்திரத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்யலாகாது என்ற நிபந்தனை இருந்ததால், வங்கிக்கும் கடிதம் கொடுத்தோம்.

வேலை நடந்த விதம் தனியே சொல்லத்தக்கது. பத்தடி நீளச் சமையலறைச் சுவர் பூச்சோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு டன் எடை வரும். வீட்டு அறையின் தளமோ சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலான புழங்கு சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. ஆகவே சம்மட்டி போடாமல், மேலிருந்து வரிசை வரிசையாகக் கிரைண்டரால் அறுத்தெடுத்து, செங்கலை ஓரிடத்தில் குவிக்காமல் உடனுக்குடன் சாக்கில் கட்டிக் கீழே இறக்கினார்கள்.

குறைகளும் உண்டு. சுவருக்குள் ஓடிய மின்கம்பிகளை மாற்றும் செலவு மதிப்பீட்டில் இல்லை. அது தனியாக 9,000 ரூபாய் பிடித்தது. சுவர் நின்ற இடத்தில் பதித்த டைல்ஸ் பழையதோடு நிறம் சேரவில்லை. இதை முன்பே சொல்லியிருந்தால் நாங்களே வேறு வண்ணப் பட்டையாகப் போடச் சொல்லியிருப்போம். ஆய்வு, அறிக்கை, மேற்பார்வை மூன்றுக்கும் சேர்த்து 28,000 ரூபாய் கட்டணம் வாங்கினார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

விரிசல் விழுந்தால் உடனே தெரியட்டும் என்று, புதிய லிண்டலின் மூலையில் மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை ஒட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து, அழைக்காமலே அவர் வந்து பார்த்தபோதும் அது உடையாமல் இருந்தது.