பொலன்னறுவையில் வாடகைச் சைக்கிள்: கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு

பொலன்னறுவைப் பழைய நகரத்தில், நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரே இருக்கிற சிறிய சைக்கிள் கடையைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து வான் பிடித்துப் போய், நாலு இடத்தில் இறங்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். இந்த முறை நானும் தோழியும் கோட்டையில் உதயதேவி ரயில் ஏறினோம். ரயில் நிலையம் கதுருவெலவில் இருக்கிறது, பழைய நகரத்துக்கு அங்கிருந்து பஸ் உண்டு. இரவு தங்கிவிட்டு விடிந்ததும் சைக்கிள் எடுத்தோம்.

கடைக்கார ஐயாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் வேலை சுத்தம். எங்களை ஒவ்வொருவராக ஏறி உட்காரச் சொல்லி, கால் நிலத்தில் படுகிறதா என்று பார்த்து, ஸ்பானரால் சீட்டை ஏற்றி இறக்கினார். ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் காற்றடித்தார். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாமல் இலக்கத்தை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டது எனக்குப் பெரிய விஷயம். அட்டை கையில் இல்லாமல் வெளியே இறங்க எங்கள் ஆட்களுக்கு இன்னும் மனம் வராது. வாடகை, முச்சக்கரவண்டிக்காரர் கேட்டதில் பாதிகூட இல்லை.

குறையும் உண்டு. தோழியின் சைக்கிளில் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, பூட்டும் தரவில்லை. போன் எடுத்துச் சொன்னதும் ஐயாவின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து, நிழலில் குந்தியிருந்து பிரேக்கைச் சரிசெய்து, பூட்டும் தந்துவிட்டுப் போனார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

இந்த ஊருக்குச் சைக்கிள்தான் சரி என்று நான் அடித்துச் சொல்வது இரண்டாம் சிவாலயத்துக்காக. வட்டதாகே என்ற வட்ட வடிவப் புத்த கோவில், கல் விகாரை எல்லாவற்றுக்கும் வான் போகும். பிரதான பாதையை விட்டு விலகி உள்ளே இருக்கிற இந்தக் கோவிலைப் பல வான்கள் தாண்டிப் போய்விடுகின்றன. ஐயா வரைபடத்தில் அதைப் பேனாவால் தனியே வட்டமிட்டுத் தந்திருந்தார். சோழர் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட 11ஆம் நூற்றாண்டில், அடி முதல் விமானம் வரை கல்லாலேயே கட்டிய கோவில். ராஜேந்திர சோழனின் தாய் பெயரால் வானவன்மாதேவி ஈஸ்வரம். வாசலில் நந்தி, உள்ளே லிங்கம். சுவரில் கல்வெட்டு.

"இஞ்ச பாரடி, ட! இது ப!" என்று தோழி கத்தினாள். முழு வரியும் எங்களால் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் ஆயிரம் வருசத்துக்குக் கிட்ட வரும் எழுத்தில் நாங்கள் பள்ளியில் எழுதிப் பழகிய எழுத்துகள் இருந்தன. விரலை வைக்காமல், கிட்டக் குனிந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். ஹோர்ன் அடித்துக் கூப்பிட யாரும் இல்லாததால் வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம்.

வடக்கே கல் விகாரை வரை பாதை பெரும்பாலும் மரநிழல், மிதிப்பது கஷ்டமில்லை. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கிய சிலைகள் அங்கே இருக்கின்றன. கிடக்கும் புத்தரின் தலையணை தலையின் பாரத்தில் அமிழ்ந்த மாதிரி செதுக்கியிருப்பதைக் கட்டாயம் பாருங்கள். செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும், நண்பகலில் கல் சுடும். ஆகவே சொக்ஸ் கொண்டு போங்கள். சாப்பாட்டைச் சைக்கிள் கூடையில் விட்டுப் போகாதீர்கள், குரங்குகள் விடாது.

முதலாம் சிவாலயத்தைக் கடைசியாகப் பார்த்தோம். கூரை போய்விட்டது. கல்லோடு கல் பொருந்தி நிற்கிற அந்தச் சுவர்களில் கத்தி முனைகூட நுழையாது போலிருந்தது. பொலன்னறுவைச் சிவன் கோவில்களில் 1900களின் முதல் பத்தாண்டில் நடந்த அகழ்வில் கிடைத்த நடராஜர் முதலான வெண்கலங்கள் இப்போது நம் கறுவாத்தோட்டத்து நூதனசாலையில் இருக்கின்றன. போகுமுன் ஒரு சனிக்கிழமை அங்கே போய் அவற்றைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் ரயில் ஏறினால், வெறும் கருவறையில் என்ன நின்றிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சைக்கிளை வெள்ளிக்கிழமையே போனில் சொல்லி வையுங்கள். சீட் உயரம் குறைந்த சைக்கிள்கள் அந்தக் கடையில் கொஞ்சம்தான் இருக்கின்றன.