நார்த்ஸ்டாரின் கல்யாணம்: அஸ்டானிஷிங் எக்ஸ்-மென் 51ஆம் இதழ்

மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 2012 ஜூனில் வெளியிட்ட இந்த இதழில், நார்த்ஸ்டார் என்னும் சூப்பர் ஹீரோ தன் காதலர் கைல் ஜினாடுவை நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் மணந்துகொள்கிறார். எழுதியவர் மார்ஜோரி லியூ; வரைந்தவர் மைக் பெர்கின்ஸ். இந்தக் கல்யாணத்தின் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய இதழ் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1979இல் அறிமுகமான நார்த்ஸ்டாரை, அவரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பைர்ன் தன்பாலீர்ப்பாளராகவே மனத்தில் கொண்டிருந்தார். ஆனால் அதை வெளிப்படையாக எழுத அன்று இடமில்லை. 1954 முதல் நடைமுறையிலிருந்த காமிக்ஸ் கோட் என்னும் தணிக்கை விதிகள் 1989இல் தளர்த்தப்பட்ட பிறகு, 1992இல், 'ஆல்ஃபா ஃப்ளைட்' தொடரின் 106ஆம் இதழில்தான் நார்த்ஸ்டார் வாய் திறந்தார். எய்ட்ஸ் பாதித்த பச்சைக் குழந்தை ஒன்றை அவர் எடுத்து வளர்க்க, அதற்காக ஊரே உருகுகிறது. அதே நோய்க்குத் தன் மகனைப் பறிகொடுத்த முன்னாள் சூப்பர் ஹீரோ மேஜர் மேப்பிள்லீஃப், தன்பாலீர்ப்பாளன் என்பதால் என் பிள்ளைக்காக எவரும் அழவில்லையே என்று குமுறிக்கொண்டு சண்டைக்கு வருகிறார். அந்த அடிதடிக்கு நடுவேதான் நார்த்ஸ்டார் தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்கிறார். அந்தத் தகப்பனின் துயரம் இன்றும் என் நெஞ்சைப் பிசைகிறது. ஆனாலும் அந்த இதழில் நார்த்ஸ்டாரைச் சுற்றி நோயும் சாவும்தான் இருந்தன. அவருக்கு நேசிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

51ஆம் இதழ் அந்தக் குறையைத் தீர்க்கிறது. எந்தச் சக்தியும் இல்லாத கைல்தான் இதன் உயிர். ஆபத்தோடு வாழும் ஒருவரைக் கட்டிக்கொள்ளும் சாதாரண மனிதரின் அச்சத்தை லியூ பொறுமையாக எழுதியிருக்கிறார். இந்தத் திருமணத்தை ஏற்க முடியாதென்று சக வீரர் வார்பேர்ட் வர மறுப்பதையும் அவர் மறைக்கவில்லை. நண்பர்கள் சூழ இருவரும் முத்தமிடும் படத்தில், அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்கும் தோரணை துளியும் இல்லை. மறு ஆண்டே போட்டி நிறுவனமான டிசி, தன்பாலீர்ப்பாளரான பேட்வுமன் என்னும் தன் சூப்பர் ஹீரோவின் திருமணத்துக்கு அனுமதி மறுத்து, அந்தக் கதையின் எழுத்தாளர்கள் தொடரைவிட்டு விலகியதை நினைத்தால், இந்தப் பக்கம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

வில்லனின் சதி இடையிடையே குறுக்கிடுவது எனக்கு உறுத்துகிறது. அந்தப் பக்கங்களை மணமக்கள் பேசிக்கொள்வதற்குக் கொடுத்திருக்கலாம். வாங்குபவர்கள் 50ஆம் இதழையும் சேர்த்தே வாங்குங்கள். நார்த்ஸ்டார் கல்யாணப் பேச்சை எடுத்ததும் கைல் தயங்கி விலகிப்போகும் காட்சி அதில்தான் இருக்கிறது.