பயனர் கேட்ட எழுத்தளவை மென்பொருள் எப்படிக் கொடுப்பது?

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு 2018-இல் வெளிவந்ததிலிருந்து, திரை முழுவதையும் பெரிதாக்காமல் எழுத்தை மட்டும் 100 முதல் 225 விழுக்காடு வரை பெரிதாக்கிக்கொள்ளும் வசதி பயனருக்கு இருக்கிறது. பார்வை மங்கிய ஒருவர் அதை 150-இல் வைத்திருந்தால், தம் தேவையை அவர் சொல்லிவிட்டார் என்றே பொருள். மென்பொருள் அவரிடம் மீண்டும் கேட்பது முறையல்ல.

எளிய வழி, எல்லாவற்றையும் இயங்குதளத்தின் பொறுப்பில் விட்டுவிடுவது. 96 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற திரையடர்த்திக்கு) எழுதப்பட்ட சாளரத்தை, திரையிலுள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கும் திரை அளவீடு உயரும்போது விண்டோஸ் ஒரு படத்தைப் போல இழுத்துப் பெரிதாக்கும். எழுத்து வளரும், விளிம்பு மங்கும். எழுத்துக்கு மட்டுமான அமைப்போ, நிலையான அளவில் மென்பொருள் தானே வரையும் எழுத்தை எட்டுவதே இல்லை.

மென்பொருளுக்குள்ளேயே தனி அளவுத் தேர்வு வைப்பது நிரல் திருத்திகளிலும் ஆவணங்களிலும் மிகவும் பயன்படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் உள்ளடக்கத்தோடு நின்றுவிடுவதால், மெனுவும் எச்சரிக்கைப் பெட்டியும் பழைய அளவிலேயே கிடக்கின்றன.

நான் பரிந்துரைப்பது கடினமான வழியை: இயங்குதளத்தின் மதிப்பைப் படித்து, எழுத்தை அளந்து, அந்த அளவிலிருந்து பொத்தான், வரிசை, சாளரம் ஆகியவற்றின் அளவைக் கணக்கிடுவது. 9 பாயின்ட் எழுத்து 96 டிபிஐ-யில் 12 பிக்சல், 144-இல் 18 பிக்சல். அதன்மேல் 150 விழுக்காட்டை நேராகப் பெருக்கினால் 27. உயரம் 24 பிக்சல் என்று நிரலில் எழுதிவைத்த பொத்தானில் அது வெட்டுப்படும். தமிழ் இடைமுகத்தில் இந்தத் தவறு இன்னும் முன்னதாகவே வெளிப்படும்; மேலே சுழியும் கீழே வளைவும் கொண்ட எழுத்துகளுக்கு வரியுயரம் கூடுதலாக வேண்டும், சொற்களும் பல இடங்களில் ஆங்கிலத்தைவிட நீளம்.

லினக்ஸின் க்னோம் சூழலிலும் இதே வேலைதான். அங்கே ‘பெரிய எழுத்து’ என்ற தேர்வு எழுத்துப் பெருக்கத்தை 1.25 ஆக்குகிறது. இரு தளங்களிலும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிப்பு மாறலாம் என்பதால், தொடக்கத்தில் ஒருமுறை படித்தால் போதாது. மாற்ற அறிவிப்பைக் கேட்டு மறுபடியும் அளக்க வேண்டும்.

உள்ளேயும் ஓர் அளவுத் தேர்வு தேவையென்றால், அதை ‘20 பிக்சல்’ என்று சேமிக்காமல் இயங்குதள மதிப்பின்மேல் ஒரு பெருக்கமாகச் சேமிப்பது நல்லது. பயனர் நாளை 150-ஐ 175 ஆக்கினால், அதுவும் சேர்ந்து வளரும்.