ஸ்டாட் ப்ரோவா, ஈடாப்ஸா: முதலில் எதைக் கற்பது?

சிவில் முடித்து வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது. இரண்டுமே கட்டட அமைப்புகள் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் மென்பொருள்கள்.

எதற்கு ஏற்றது?
ஈடாப்ஸ்: மாடிக் கட்டடங்களுக்கென்றே உருவானது. ஒரு தளத்தில் வரைந்ததை ஒரே மாதிரித் தளங்கள் எல்லாவற்றிலும் ஏற்றிவிடலாம். நிலநடுக்கத்தில் ஒவ்வொரு மாடியும் எவ்வளவு நகர்கிறது என்று அட்டவணையே தரும். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893 தரும் வரம்பு மாடி உயரத்தில் 0.004 பங்கு, 3 மீட்டர் மாடிக்கு 12 மில்லிமீட்டர். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.
ஸ்டாட் ப்ரோ: எஃகு ஷெட், டிரஸ் (முக்கோணங்களாக இணைத்த சட்டம்), பைப் ராக் (குழாய்களைத் தாங்கும் சட்டம்) போன்றவற்றுக்கு ஏற்றது.

கற்பது எப்படி?
ஸ்டாட் மாடலை எடிட்டரில் திறந்தால் கணுக்கள் (உறுப்புகள் சேரும் புள்ளிகள்), தாங்கிகள், சுமைகள் எல்லாம் வரிவரியாக எழுத்தில் இருக்கும். தவறு எங்கே என்று வாசித்தே பிடிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.
ஈடாப்ஸில் படம் பார்த்தே பழகலாம்.

செலவு? அலுவலகப் பயன்பாட்டுக்கு இரண்டுக்குமே உரிமம் வாங்க வேண்டும். அடிப்படைப் பாடம் ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெலில் இலவசம்.

அடுக்குமாடி வேலைக்குப் போகிறவர் ஈடாப்ஸ், தொழிற்சாலைப் பக்கம் போகிறவர் ஸ்டாட். எதுவானாலும் முதலில் இரு முனைகளிலும் வெறுமனே தாங்கப்பட்ட ஒரு எளிய பீமைக் கையால் போடுங்கள்: 6 மீட்டர் நீளம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்றால் நடுவில் வளைவுத் திருப்புத்திறன் (பெண்டிங் மொமென்ட்) 90 கிலோநியூட்டன் மீட்டர். திரையிலும் அதே 90 வந்த பிறகு அடுத்த மாடலைத் தொடுங்கள்.